விருப்பப் பாடம் யாருடைய விருப்பம்?

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுங்கள். நெய்வேலி டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்தும் நீங்கள் இன்ஜினீயரிங் படிக்கவில்லை. இதற்கு மேல் வீட்டுக்குப் புதிதாகக் கெட்ட பெயர் எதுவும் வந்துவிடாது. ஆகவே தைரியமாக எல்.எல்.எம். விண்ணப்பத்தை நிரப்பலாம். பி.எல். முடித்தபோதே பக்கத்துக் குவார்ட்டர்ஸ் மாமா கேட்டிருப்பார்: "லா செக்‌ஷன்ல ஆள் எடுக்கறாங்களாமா?" எல்.எல்.எம். என்றால் "அது வேறயா?" என்பார். பிஎச்.டி. என்றால் உங்களிடம் ஒன்றும் கேட்க மாட்டார். அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பார்.

இந்தக் கையேடு அந்த விசாரணைக்குப் பிறகு வரும் சிக்கலுக்கானது. எந்தெந்தப் பேப்பரை எடுப்பது? கீழே சொல்லப்போகும் தவறுகள் அனைத்தையும் நானே ஒவ்வொன்றாகச் செய்து பார்த்திருக்கிறேன். ஆகவே நம்பிப் பின்பற்றலாம்.

கட்டாயப் பாடங்களில் உங்களுக்கு வேலையே இல்லை. யு.ஜி.சி. 2012-13 வாக்கில் கொண்டுவந்த ஓராண்டு எல்.எல்.எம். திட்டத்தில் மூன்று பேப்பர் கட்டாயம்: ஆராய்ச்சி முறைகள், ஒப்பீட்டுப் பொதுச் சட்டம், உலகமயமாகும் உலகில் சட்டமும் நீதியும். மூன்றாவதன் பெயரை நோட்டு அட்டையில் எழுதி முடிப்பதற்குள் முதல் இன்டர்னல் தேர்வு வந்துவிடும். அதற்கு மேல் ஆறு விருப்பப் பாடம், ஓர் ஆய்வேடு. படிப்பு ஓராண்டா ஈராண்டா என்று சொந்தக்காரர்கள் கேட்டால் மட்டும் ஜாக்கிரதையாக இருங்கள். ஓராண்டுப் படிப்பு போதாது, இரண்டாண்டு வேண்டும் என்று பார் கவுன்சில் 2021 ஜனவரியில் விதிகளை வெளியிட, விஷயம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. "படிப்பு எத்தனை வருஷம்?" என்ற கேள்விக்கு "அது கோர்ட்ல இருக்கு" என்று பதில் சொன்ன ஒரே மாணவர் கூட்டம் நாங்களாகத்தான் இருப்போம்.

சரி, விருப்பப் பாடம். இதைத் தேர்ந்தெடுக்க உலகம் ஒப்புக்கொண்ட முதல் வழி, கால அட்டவணை வழி. பாடத்தின் பெயரைப் பார்க்காதீர்கள், கிழமையைப் பாருங்கள். செவ்வாயிலிருந்து வியாழனுக்குள் எல்லா வகுப்பும் அடங்கிவிட்டால் வியாழன் ராத்திரி பஸ் பிடித்து விடியற்காலையில் நெய்வேலி ஆர்ச் கேட்டில் இறங்கலாம். இந்த வழியில்தான் நான் கடல்சார் சட்டம் எடுத்தேன். அது புதன்கிழமை. எங்கள் ஊரில் கப்பல் அளவுக்குப் பெரிய இயந்திரம் உண்டு, வாளிச் சக்கரத்தோடு சுரங்கத்துக்குள் நிற்கும், ஆனால் மிதக்காது. 'பில் ஆஃப் லேடிங்' என்பதை லாரி புக்கிங் ஆபீஸ் ரசீது என்று புரிந்துகொண்டு எழுதினேன். தேறிவிட்டேன். பெரிய தப்பில்லை போலிருக்கிறது.

இதே வழியில் நான் எடுக்காமல் விட்ட பேப்பர் ஒன்றும் உண்டு. ஆர்பிட்ரேஷன். சமரசத் தீர்ப்பாயச் சட்டம். அதைச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வைத்திருந்தார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இரண்டாவது வழி, மார்க் வழி. சீனியரிடம் போய் "அண்ணே, எதுல மார்க் வரும்?" என்று கேட்க வேண்டும். "ஹியூமன் ரைட்ஸ் எடுத்துக்கோ. எந்தக் கேள்விக்கு எதை எழுதினாலும் பொருந்தும்" என்பார். குற்றவியல் எடுக்கலாமா என்று கேட்டால் பெருமூச்சு விடுவார். அதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ் சினிமா பார்த்தே பாதி இந்திய தண்டனைச் சட்டம் நமக்கு மனப்பாடம்: 302 என்றால் கொலை, 420 என்றால் மோசடி. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்து கொலையை 103-க்கும் மோசடியை 318-க்கும் குடிமாற்றிவிட்டது. ஒருத்தனை 'போர் ட்வென்டி' என்று திட்டினால் உறைக்கும். 'த்ரீ எய்ட்டீன்' என்று திட்டினால் பஸ் நம்பர் சொல்கிறோம் என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டுப் போவான்.

தொழிலாளர் சட்டம் எடுப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. வேறு ஊரில் எடுங்கள், டவுன்ஷிப் பிள்ளையாக இருந்தால் எடுக்காதீர்கள். இங்கே வீட்டுக்கு ஒரு யூனியன். டீக்கடைக்கு ஒரு புறத்தேர்வாளர். 29 சட்டங்களை நாலு தொகுப்பாக்கி 2025 நவம்பர் 21 அன்று அமலுக்குக் கொண்டுவந்தபோது எங்கள் வகுப்பில் படித்தவர்கள் நோட்டைக் கிழித்துப்போட்டுப் புதுசாக ஆரம்பித்தார்கள். மெயின் பஜாரில் எனக்குத் தெரிந்த ஒரு யூனியன் மாமா இருக்கிறார். ஒப்பந்தத் தொழிலாளியாகவே இருந்து ஒப்பந்தத் தொழிலாளியாகவே ஓய்வுபெற்றவர். ஒரு நாள் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஒப்பந்த முறைய ஒழிச்சிட்டா, வேலை பார்த்தவன பெர்மனன்ட் பண்ணணுமா இல்லியா? படிச்சிருக்கியே, சொல்லு."

1996-ல் ஏர் இந்தியா வழக்கில் ஆமாம் என்றது உச்ச நீதிமன்றம். 2001-ல் செயில் வழக்கில் ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து, தானாக ஆகிவிடாது என்று அதை மாற்றினார்கள். நான் இரண்டையும் விளக்கினேன். மாமா டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்:

"தொண்ணூத்தாறுல ஆமான்னான், ரெண்டாயிரத்து ஒண்ணுல இல்லைன்னான். நடுவுல அஞ்சு வருஷம் நான் என்னாவா இருந்தேன்?"

இந்தக் கேள்விக்கு எந்தப் புத்தகத்திலும் அடிக்குறிப்புக்கூட இல்லை. டீக்கு நான்தான் காசு கொடுத்தேன்.

மூன்றாவது வழி, கைடு வழி. பிஎச்.டி.க்கு வந்துவிட்டால் இந்த வழி மட்டும்தான். 2022 நவம்பர் மாத யு.ஜி.சி. விதிகள்படி கோர்ஸ் ஒர்க் குறைந்தது 12 கிரெடிட். ஆராய்ச்சி முறையியல் ஒன்று, ஆராய்ச்சி வெளியீட்டு நெறிமுறை ஒன்று, மிச்சம் உங்கள் துறை சார்ந்தது. 55 சதவீதம் வாங்கினால்தான் அடுத்த படி. குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஆறு. எம்.ஃபில். என்ற பட்டத்தையே அந்த விதிகள் ஒழித்துக்கட்டிவிட்டன, ஆனாலும் கல்யாண வீட்டில் "எம்.ஃபில். முடிஞ்சுதா?" என்று கேட்கும் பெரியப்பாவை எந்த விதியாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஜே.ஆர்.எஃப். வாங்கினால் மாதம் 37,000 ரூபாய் வரும் என்பதை மட்டும் அவர் காதில் மெதுவாகப் போட்டுவையுங்கள். உடனே "தம்பி ஆராய்ச்சி பண்ணுது" என்று மற்றவர்களிடம் அவரே சொல்ல ஆரம்பிப்பார்.

துறை சார்ந்த பேப்பரை நீங்கள் தேர்ந்தெடுப்பதாகப் படிவத்தில் போட்டிருக்கும். அது ஒரு மரியாதைக்கு. கைடு இருபது வருஷத்துக்கு முன்பு எதில் பட்டம் வாங்கினாரோ அதுவே உங்கள் விருப்பம். அவர் காப்புரிமைக்காரர் என்றால் உங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே காப்புரிமையில் ஆர்வம். இதை நேர்காணலில் கண் சிமிட்டாமல் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.

தலைப்புக்கு ரொம்ப யோசிக்க வேண்டாம். எதை வேண்டுமானாலும் எழுதி, பின்னால் "கடலூர் மாவட்டத்தைச் சிறப்பாகக் கருத்தில் கொண்டு ஓர் ஆய்வு" என்று ஒட்டிவிட்டால் களப்பணி வீட்டுக்குப் பக்கத்திலேயே முடிந்துவிடும். தலைப்பு இரண்டு முறை திரும்பி வந்துவிட்டால், 16-ஆம் பிளாக் நடராஜர் இருக்கிறார். பஞ்சலோகத்தில் பத்தடி உயரத்துக்கு நிற்கிறவர். அந்தக் கோயிலில் மனுநீதி முறைப்பெட்டி உண்டு. குறையை எழுதிப் போடலாம். மணியும் உண்டு, பெயர் ஆராய்ச்சி மணி. எங்கள் அம்மா இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு, பிள்ளையின் ஆராய்ச்சி நன்றாக நடக்கவேண்டும் என்று பயபக்தியோடு அடித்துவிட்டு வந்தார். கன்று தேர்க்காலில் சிக்கிச் செத்ததற்கு நியாயம் கேட்டுப் பசு அடித்ததே, அந்த மரபில் வந்த மணி. மூன்றாவது முறை தலைப்பு ஓகே ஆகிவிட்டதால் அம்மாவைத் திருத்த எனக்கு வாய் வரவில்லை.

எத்தனை புத்தகம் படித்துவிட்டு எழுத ஆரம்பிக்கலாம் என்ற கேள்விக்கு எங்கள் கைடு தெளிவாகப் பதில் சொன்னதில்லை. அப்பா சொன்னார். அவர் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டோடு முப்பது வருஷம் ஷிஃப்ட் பார்த்தவர். "ஒரு டன் நிலக்கரி எடுக்க அஞ்சாறு கனமீட்டர் மேல்மண்ண அள்ளிப் போடறோம். அள்ளித்தான் ஆகணும், அதுல கணக்குப் பார்க்கக் கூடாது" என்றார். ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயம் எதற்கு இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. தட்டில் மிச்சமிருந்த மோர்ச் சாதத்தை வழித்துக்கொண்டே அப்பா இன்னொன்றும் சொன்னார். "மேல்மண்ணு வெறும் வேலைதான். பயம் அடியில இருக்கற தண்ணிதான்."

நெய்வேலிக்காரர்களுக்கு இது தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது. அந்தக் கறுப்புதான் பின்னால் 1956-ல் கம்பெனியானது. ஆனால் நிலக்கரிப் படுகைக்குக் கீழே ஊற்றுநீர் பெரும் அழுத்தத்தோடு மேலே தள்ளிக்கொண்டு நிற்கிறது. மேல்மண்ணை எடுத்துப் பாரத்தைக் குறைத்துவிட்டால் அது சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு வந்துவிடும். அதனால் தோண்டுவதற்கு முன்பிருந்தே ராப்பகலாக மோட்டார் போட்டு அந்த நீரை இறைத்துக்கொண்டே இருக்கவேண்டும். ஒரு நாள் நிறுத்திவிட்டு நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பது கிடையாது. "ஒன் படிப்புல அடியில என்னா இருக்குன்னு பார்த்தியா?" என்று கேட்டுவிட்டு அப்பா கை கழுவப் போய்விட்டார். நான் பார்க்கவில்லை.

அது ஒரு தை மாதம் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து பெரியம்மா உருவத்தில் வந்தது.

பெரியம்மாவுக்கு ரோட்டோரம் முந்திரித் தோப்பு இருந்தது. நான்குவழிச் சாலைக்கு அதில் ஒரு துண்டு போய்விட்டது. மஞ்சப்பையிலிருந்து காகிதக் கட்டை எடுத்து எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். சுற்றியிருந்த ரப்பர் பேண்ட் வெயிலுக்கு உருகி, மேல் தாளோடு ஒட்டிப்போயிருந்தது. பிரித்தபோது சர்வே எண்ணின் மீது பழுப்பாக ஒரு கோடு விழுந்தது. உட்பிரிவு 2பி-யா 2டி-யா என்று அதற்குப் பிறகு தெரியவில்லை. "மேல்படிப்பு படிக்கிறியே ராசா, இது என்னான்னு பாரு. குடுத்த காசு மரத்துக்கே பத்தாது."

என் ஆறு விருப்பப் பாடங்களையும் மனதுக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்தேன். நிலம் என்றால் சொத்துரிமைச் சட்டம். அரசு எடுத்ததென்றால் அரசமைப்புச் சட்டம். மரம் போனதென்றால் சுற்றுச்சூழல். இந்த மூன்றில் இரண்டை நான் எடுத்திருந்தேன். தைரியமாகத்தான் தாளைத் திருப்பினேன். நாலாவது பக்கத்தில் கலெக்டர் கையெழுத்துக்குக் கீழே 'ஆர்பிட்ரேட்டர்' என்று இருந்தது.

தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் இழப்பீடு பிடிக்கவில்லை என்றால் நேராகக் கோர்ட்டுக்குப் போக முடியாது. மத்திய அரசு நியமிக்கும் ஆர்பிட்ரேட்டரிடம் போகவேண்டும். அது பெரும்பாலும் கலெக்டர்தான். அவர் சொல்வது சமரசத் தீர்ப்பு. பெரிய பெரிய கம்பெனிகள் கோட்டு போட்டுக்கொண்டு சிங்கப்பூரில் வாங்குவார்களே, அதே வகைத் தீர்ப்பு. ஆக, சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் தூங்கிக்கொண்டிருந்த நாட்களில் பெரியம்மா தனக்கே தெரியாமல் ஆர்பிட்ரேஷன் பயின்றிருக்கிறார்.

மேலே படித்தால் இன்னும் வேடிக்கை. கலெக்டர் குறைவாகக் கொடுத்தார் என்று மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகிறோம். நீதிமன்றம் அந்தத் தொகையை உயர்த்தலாமா? தமிழ்நாட்டு நெடுஞ்சாலை நிலங்கள் பற்றியே 2021-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, ஹக்கீம் வழக்கு. சதுர மீட்டருக்கு நூறு ரூபாய்க்கும் கீழே கொடுத்திருந்ததை மாவட்ட நீதிமன்றம் 645 ஆக்கியிருந்தது. சமரசத் தீர்ப்பை ரத்து செய்யலாம், திருத்த அதிகாரம் இல்லை என்றது உச்ச நீதிமன்றம். சொல்லிவிட்டு, ஆனாலும் இவ்வளவு குறைவாகக் கொடுத்தது அநியாயம் என்பதால் இந்த விவசாயிகளுக்குக் கூட்டிய தொகையில் கைவைக்க மாட்டோம் என்றும் சொன்னது. சட்டப்படி தப்பு, நியாயப்படி சரி, பணம் உங்களுக்கே, அடுத்தவர் இதைக் காட்டிக் கேட்க முடியாது. 2025 ஏப்ரலில் காயத்ரி பாலசாமி வழக்கில் ஐவர் அமர்வு நாலுக்கு ஒன்று என்ற கணக்கில், ஓரளவுக்குத் திருத்தலாம் என்றது. அந்த வழக்கு நிலத்தைப் பற்றியதே அல்ல. வேலை பார்த்த சென்னை சாஃப்ட்வேர் கம்பெனியோடு ஒரு பெண்ணுக்கு வந்த தகராறு. பெரியம்மாவின் முந்திரி மரம் அதற்குள் எப்படிப் போகிறது என்பதை விளக்க எனக்கு இரண்டு தாள் தேவைப்பட்டது.

இடையில் 'ஆறுதல் தொகை' என்று ஒன்று வரும். விருப்பமில்லாமல் நிலத்தைப் பறிகொடுப்பவருக்கு விலைக்கு மேல் கொடுப்பது. 1984-க்குப் பிறகு பழைய சட்டத்தில் 30 சதவீதம். 2013 சட்டத்தில் 100. ரோட்டுக்கு நிலம் கொடுத்தவருக்கு மட்டும் இந்த ஆறுதல் கிடையாது என்று 1997-ல் ஒரு திருத்தம் போட்டிருந்தார்கள். ரோட்டுக்குப் போனால் வருத்தம் வராது என்று நினைத்தார்களோ என்னவோ. 2019-ல் தர்செம் சிங் வழக்கில் அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எதற்காக எடுத்தாலும் நிலம் போனவர் நிலம் போனவர்தான், சமத்துவ உரிமை உண்டு. இங்கே அரசமைப்புச் சட்டப் பேப்பர் உதவிக்கு வந்தது. இதைச் சொன்னதும் பெரியம்மா முகத்தில் கொஞ்சம் வெளிச்சம். "நூறு பர்சன்ட்டு ஆறுதல் குடுக்கறானா?" என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.

ஆகவே ஐந்தாவது வழி. (நாலாவதை விட்டுவிட்டேன் என்று தெரியும். அது நண்பன் எடுத்ததையே எடுப்பது. விளக்கம் தேவையில்லை.) வீட்டுப் பீரோவைத் திறந்து, மேல்தட்டில் இருக்கும் மஞ்சப்பையை எடுத்து, அதிலிருக்கும் தாள்களைப் படித்துவிட்டு விண்ணப்பத்தை நிரப்புவது. இதில் மார்க் வராது, கிழமையும் ஒத்துவராது, கைடும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஒரு பை ஆறு பேப்பருக்குள் அடங்கவும் அடங்காது. எங்கள் ஊர்ப் பை எதுவுமே அடங்குவதில்லை. 2023 ஜூலையில் எங்கள் பக்கத்து வளையமாதேவியில் கதிர் வரும் பயிரின் நடுவே சுரங்கக் கம்பெனி இயந்திரம் இறங்கிக் கால்வாய் வெட்டியது. நிலம் சட்டப்படி எப்போதோ கைமாறியாகிவிட்டது என்றது ஒரு தரப்பு; பயிர் இன்றைக்கு என்னுடையது என்றது இன்னொன்று. ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது உயர் நீதிமன்றம். நிலம் ஒரு பேப்பர், பயிர் இன்னொரு பேப்பர் என்று எந்த சிலபஸில் போட்டிருக்கிறார்கள்?

அன்றைக்குப் பெரியம்மாவிடம் கடைசியாக ஒரு தீர்ப்பைக் காட்டினேன். கொஞ்சம் பெருமைதான் காரணம். எங்கள் ஊர்ப் பெயரே இருக்கிற தீர்ப்பு. நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷனுக்கும் சிறப்புத் தாசில்தாருக்கும் நடந்தது, 1995 தொகுப்புகளில் அச்சானது, நாடு முழுக்க நில எடுப்பு வழக்குகளில் இன்றும் எடுத்துக்காட்டுவார்கள். 1894 சட்டத்தில் 'அக்கறையுள்ள நபர்' என்று ஒரு சொல் உண்டு. இழப்பீட்டு விஷயத்தில் பேச உரிமை உள்ளவர் என்று அர்த்தம். நிலத்தை இழக்கிறவர் அக்கறையுள்ளவர், சரி. அந்த நிலம் யாருக்காக எடுக்கப்படுகிறதோ, யார் கையிலிருந்து பணம் போகிறதோ, அந்த நிறுவனமும் அக்கறையுள்ள நபர்தானா? ஆமாம், தொகையைக் கூட்டும் முன் அவர்களையும் கேட்கவேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். நீதியாகப் பார்த்தால் சரியான தீர்ப்பு என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். பரீட்சையில் இதை ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன்.

பெரியம்மா பொறுமையாகக் கேட்டார்.

"எடுத்துக்கறவனுக்கும் அக்கறை, குடுக்கறவளுக்கும் அக்கறை."

"ஆமா பெரியம்மா."

"நடுவுல ஒக்காந்து இத எழுதறியே, ஒனக்கு?"

அம்மா உள்ளே இருந்து காபி எடுத்துவந்தார். நான் தாள்களைச் சர்வே எண் வரிசையில் அடுக்குவதில் மும்முரமாக இருந்தேன். ஒரு செட் ஜெராக்ஸ் எடுத்து நடராஜர் பெட்டியிலும் போட்டுவிடலாம் என்று அம்மா யோசனை சொன்னார். பெரியம்மா காபியைக் குடித்துவிட்டுக் கட்டை எடுத்து மஞ்சப்பைக்குள் வைக்கப்போனவர், நின்றார்.

"நல்ல ரப்பர் பேண்டா ஒண்ணு இருந்தா குடு ராசா. இதுவும் உருகிடப் போவுது."

மேசை இழுப்பறையில் தேடினேன். பழைய ஹால் டிக்கெட்டுகளைக் கட்டிவைத்திருந்தது ஒன்று இருந்தது. கழற்றிக் கொடுத்தேன்.